'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்': ஆங்கில இலக்கணக் கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் பல வருடம் ஆங்கிலம் எடுத்தவள் நான். விடைத்தாள் திருத்தித் திருத்தி ஒன்று தெரிந்துகொண்டேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விடுகிற பிழைகளில் பாதிக்கு மேல் தமிழில் சரியான வாக்கியங்கள். அதனால் எந்தக் கேள்வி வந்தாலும் தமிழில் அது எப்படி நடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

டீச்சர், 'தி' எங்கே போடுவது, எங்கே விடுவது என்று இத்தனை வருடமாகியும் பிடிபடவில்லை. தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லையே?
(வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், விருதுநகர்)

தனிச் சொல்லாக இல்லை தம்பி, ஆனால் அந்த வேலை தமிழிலும் நடக்கிறது. 'கடையில் பேனா வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேனாவைக் காணோம்.' முதலில் வெறும் 'பேனா', அடுத்து 'பேனாவை'. ஏன்? முதல் வாக்கியத்தில் அது ஏதோ ஒரு பேனா. இரண்டாவதில் எந்தப் பேனா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் முதலாவது 'ஏ பென்', இரண்டாவது 'தி பென்'. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே கேட்கும். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' நமக்கு இந்த உதவியைச் செய்கிறது.

ஆனால் இது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மனிதர்களைச் சொல்லும்போது 'ஐ' பெரும்பாலும் வந்துவிடும். 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்றால் அது 'ஏ டாக்டர்'தான். எழுவாயில் 'ஐ' வரவே வராது. அங்கெல்லாம் ஒரே கேள்வி: நான் எதைச் சொல்கிறேன் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. சூரியன் ஒன்றுதான், அதனால் 'தி சன்'. பொதுவாகச் சொல்லும்போது ஒன்றும் வேண்டாம்: 'ஐ லைக் மேங்கோஸ்'. ஊர்ப்பெயருக்கும் வேண்டாம். ஆனால் ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் வேண்டும்: 'தி காவேரி', 'தி நீலகிரிஸ்'.

'ஆன் அவர்' என்கிறார்கள், 'ஏ யுனிவர்சிட்டி' என்கிறார்கள். எச் மெய், யு உயிர் என்றுதானே படித்தோம்?
(பி.காம். மாணவி, திருநெல்வேலி)

எழுத்தைப் பார்க்காதே மா, ஒலியைக் கேள். அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார். அவர், யுனிவர்சிட்டி, எம்.எல்.ஏ., அம்ப்ரெல்லா, யூனிஃபார்ம். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', மெய்யொலியில் தொடங்கினால் 'ஏ'. ஆகவே 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஏ யூனிஃபார்ம்', 'ஏ வன் ருப்பீ காயின்'. இந்த விதி உனக்குப் புதிதல்ல. 'ஓர் அணில்', 'ஒரு முயல்' என்று ஆரம்பப் பள்ளியிலேயே எழுதியிருக்கிறாய். ஒன்றில் மட்டும் கவனம்: எம்.எல்.ஏ.வை 'யெம்மெல்லே' என்று பேச்சில் இழுப்போம். அந்த 'யெ'யை நம்பி 'ஏ' போட்டுவிடாதே.

'ஐ டிட் நாட் வென்ட்' ஏன் தப்பு? நேற்று நடந்த விஷயம்தானே?
(எட்டாம் வகுப்பு மாணவரின் அம்மா, ஓசூர்)

'போகவில்லை' என்கிறோமே, அந்த 'போக' என்ற பகுதியில் காலம் இருக்கிறதா? இல்லை. 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். இறந்த காலத்தை 'டிட்' சுமந்துவிட்டது, அதனால் பின்னால் வருவது வெறும் 'கோ'. 'டஸ்'ஸும் இதே கதை. எஸ் அங்கே போய்விட்டதால் 'ஹி டஸ் நாட் கோ', 'கோஸ்' அல்ல. பையனிடம் 'போனவில்லை' என்று ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள், மறக்க மாட்டான்.

மேனேஜருக்கு 'ஐ ஹேட் கம் யெஸ்டர்டே' என்று மெயில் அனுப்பினேன். 'ஹேட்' எதற்கு என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.
(ஐ.டி. ஊழியர், சென்னை)

'நேற்று வந்திருந்தேன்' என்று தமிழில் நினைத்திருப்பீர்கள். தமிழில் அது அழகான, சரியான வாக்கியம். வந்தேன், போய்விட்டேன், நீங்கள் இல்லை என்பதெல்லாம் அந்த 'இருந்தேன்' ஒன்றிலேயே வந்துவிடும். ஆங்கில 'ஹேட்'டுக்கு அந்த நயம் கிடையாது. கடந்துபோன இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்று காட்டத்தான் அது இருக்கிறது. 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்': நான் போய்ச் சேரும் முன்பே ரயில் கிளம்பிவிட்டது. ஒரே நிகழ்ச்சிதான், 'யெஸ்டர்டே' என்று நாளும் சொல்லியாகிவிட்டது என்றால் 'ஐ கேம் யெஸ்டர்டே' போதும்.

காற்புள்ளி போட்டு வாக்கியங்களைச் சேர்க்கக் கூடாது என்று விடைத்தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். தமிழில் சேர்க்கிறோமே?
(பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'பேங்குக்குப் போய், மேனேஜரைப் பார்த்து, ஃபார்மைக் கொடுத்து, ரசீது வாங்கி வந்தேன்.' இதில் வினைமுற்று எத்தனை? 'வந்தேன்' ஒன்றுதான். போய், பார்த்து, கொடுத்து, வாங்கி எல்லாம் வினையெச்சம். எச்சம் தானாக முடியாது, முற்றைத் தேடிப் போகும். அதனால் நடுவில் காற்புள்ளி போதும். ஆங்கிலத்தில் இதையே எழுதினால் 'வென்ட்', 'மெட்', 'கேவ்' எல்லாமே முற்றாகிவிடும். எழுவாயும் வினைமுற்றும் சேர்ந்து நிற்பதைத்தான் அங்கே கிளாஸ் (clause) என்பார்கள். வினைமுற்று இல்லாத சொற்கூட்டம் ஃப்ரேஸ். தனித்து நிற்கும் இரண்டு கிளாஸ்களைப் பிடித்து வைக்கக் காற்புள்ளிக்குப் பலம் இல்லை.

'தி மேனேஜர் வாஸ் ஆன் லீவ், ஐ கேம் பேக்' என்று எழுதினால் வட்டம் விழும். முற்றுப்புள்ளி வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். காற்புள்ளிக்குப் பின் 'ஸோ' சேர்க்கலாம். அல்லது அரைப்புள்ளி வைக்கலாம். இந்த அரைப்புள்ளி 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தில் பிறந்தது. காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் தமிழுக்கு ஐரோப்பிய அச்சோடு வந்து சேர்ந்தவை. எங்கே வாக்கியம் முடிகிறது என்று நம் எச்சமும் முற்றுமே அதுவரை காட்டிக்கொண்டிருந்தன. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைமுற்றுக்கும் அடியில் கோடு போட்டுப் பார். இரண்டு கோட்டுக்கு நடுவே வெறும் காற்புள்ளி மட்டும் இருந்தால் அங்கே நில்.

பட்டியலில் 'அண்ட்' வரும் முன் காற்புள்ளி வேண்டுமா? ஒருவர் வேண்டும் என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார்.
(மொழிபெயர்ப்பாளர், கோவை)

இரண்டு வழக்கமும் உண்டு. நான் போடச் சொல்வேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாத வேலைகளின் பட்டியல் சட்டத்தில் இருந்தது. அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று, 'ஆர்' முன்னால் காற்புள்ளி இல்லாமல் இருந்தது. விநியோகமே ஒரு தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதா? ஓட்டுநர்கள் விநியோகம் செய்பவர்கள், கட்டுபவர்கள் அல்ல. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

'இட்ஸ்': எப்போது மேலே அந்த அப்பாஸ்ட்ரஃபி (') குறி வரும்?
(பெயர் வேண்டாம் என்றவர்)

'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் குறி உண்டு. 'அதனுடைய' என்ற பொருள் என்றால் குறி இல்லை, 'ஹிஸ்', 'ஹெர்ஸ்' போல. பன்மைக்கு அந்தக் குறி வேண்டவே வேண்டாம். கடைப் பலகைகளில் 'டீஸ்', 'ஜூஸஸ்' எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள்.

'யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?' சரியா?
(கல்லூரி மாணவர், சேலம்)

நம் 'இல்லையா' யாருக்கும் எதற்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் முன்னால் உள்ள வினையைப் பார்த்து மாறும்: 'ஆரின்ட் யூ?'

லீவ் லெட்டரில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' தவிர வேறு எப்படி எழுதுவது அக்கா?
(பள்ளி அலுவலக உதவியாளர், மதுரை)

அந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை மா. நாலு தலைமுறையாக மனப்பாடமாக வருவதுதான் குறை. காய்ச்சல் இல்லாத நாளிலும் காய்ச்சல் என்று எழுத வேண்டியதாகிவிடுகிறது. முதல் வரியில் எத்தனை நாள், என்றிலிருந்து என்று சொல். அடுத்த வரியில் உண்மையான காரணம். கடைசியில் உன் வேலையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வரி. 'ஐ நீட் லீவ் ஆன் மண்டே அண்ட் டியூஸ்டே. மை மதர் இஸ் ஹேவிங் ஆன் ஐ ஆப்பரேஷன்.' பார், 'ஆன் ஐ ஆப்பரேஷன்' என்று 'ஆன்'னும் சரியாக வந்துவிட்டது.