பள்ளிக்குப் பத்து சென்ட் கிடைக்கும் என்று மளிகை ரசீதை ஸ்கேன் செய்வது வீண் வேலையா?

டெக்சஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது, மகன் கிண்டர்கார்டன் போகிறான், 'பாக்ஸ் டாப்ஸ்' ஆப்பை இறக்கி மளிகை ரசீதை ஸ்கேன் செய்யச் சொல்லிப் பள்ளியிலிருந்து தாள் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து சென்ட்டுக்கு இந்தப் பாடு தேவையா, அந்த டப்பா சாமான்களை வைத்து இரவுச் சாப்பாட்டை முடிப்பது சரியா என்று கேட்கிறீர்கள்.

வீண் வேலை இல்லை. ஆனால் அதற்காக ஒரு பொருளைக்கூடக் கூடுதலாக வாங்காதீர்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இனி எழுதுவது என் கதை. பொறுமை இருந்தால் படியுங்கள். நீங்களும் என்னைப் போல வேலைக்குப் போக முடியாத விசாவில் வந்து, பிள்ளை பள்ளிக்குப் போனதும் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள் என்று ஏனோ தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியோஸ் என்ற சீரியலைச் செய்யும் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1996-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய திட்டம் இது. அவர்களுடைய சில பொருட்களின் அட்டைப்பெட்டியில் தபால் தலை அளவுக்கு ஒரு சின்னம் இருக்கும். அதை வெட்டிப் பள்ளிக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட். 2019-இல் வெட்டும் வேலையை விட்டு ஆப்புக்கு மாறினார்கள். இப்போது பொருள் வாங்கி 14 நாட்களுக்குள் ரசீதைப் போனில் காட்டினால் போதும், பணம் பள்ளிக் கணக்கில் ஏறும். காம்ப்பெல் சூப் நிறுவனமும் லேபிள் சேர்க்கும் திட்டம் ஒன்றை 1973-இலிருந்து நடத்தி 2017-இல் நிறுத்தியது. ஆக, சூப் டப்பாவும் சீரியல் பெட்டியும் பள்ளிக்கூடத்துக்குக் காசு தருவது இந்த நாட்டில் நேற்று முளைத்த வழக்கம் இல்லை.

நான் வந்தது 2012-இல். மகள் கிண்டர்கார்டன் சேர்ந்தது அடுத்த ஆகஸ்ட். அப்போது எல்லாம் கத்தரிக்கோல் காலம். ஒரு நாள் பள்ளி விட்டு வந்தவள், "அம்மா, எல்லாரும் பாக்ஸ் டாப்ஸ் கொண்டு வந்தாங்க, நான் மட்டும் கொண்டு போகல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அலமாரி முழுக்கத் துழாவினேன். துவரம்பருப்பு, சோனா மசூரி, ரவை, புளி, நல்லெண்ணெய். எங்கள் மளிகைச் செலவில் முக்கால்வாசி இந்தியக் கடைக்குத்தான் போகும். ஒன்றிலும் அந்தச் சின்னம் இல்லை. கடைசியில் குப்பைக்குப் போக மடித்து வைத்திருந்த ஒரு சீரியோஸ் அட்டையில் அது கிடைத்தது. புள்ளிக் கோட்டில் வெட்டி, ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதைப் பற்றி அவள் பள்ளியிலிருந்து வந்த தாளின் அடியில், சேர்ந்ததை எண்ணித்தர ஆள் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஒரு வாரம் யோசித்தேன். என் ஆங்கிலம் போதுமா, போய் என்ன பேசுவது என்று ஆயிரம் கேள்வி. பிறகு போனேன். ஆபீசில் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி ஸ்கேன் செய்து, போட்டோவோடு என் பெயர் அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்றை நீட்டினார்கள். ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் நாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். இங்கே வந்த ஒன்றரை வருடத்தில் என் பெயரைப் போட்டு யாரும் எதுவும் தந்ததில்லை. வங்கிக் கணக்கு முதல் கரண்ட் பில் வரை எல்லாம் கணவர் பெயரில்தான். அந்த ஸ்டிக்கரை வீட்டுக்கு வந்தும் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன்.

நூலகத்தின் பின்பக்கம் ஒரு மேசை. ஐம்பது ஐம்பதாக எண்ணிப் பையில் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். நவம்பர் 1, மார்ச் 1 என்று வருடத்துக்கு இரண்டு கெடு. என் முதல் இரண்டு பையில் தேதியைப் பார்க்காமலே போட்டுவிட்டேன், மொத்தமாகப் பிரித்து மறுபடி எண்ணினோம். எதிரே உட்கார்ந்திருந்த மெக்சிகோக்காரப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஜோடி. அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனாலும் ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை.

2014-இல் அம்மா கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார். "ஏனம்மிணி, இந்த அட்டையெல்லாம் எதுக்கு வெட்டி வெச்சிருக்கற?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிடியரிசி எடுத்து வெக்கற மாதிரிதான?" என்றார். உலையில் போடும் முன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, நிறைந்ததும் பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது. அதைவிடச் சரியாக இந்தத் திட்டத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஒரு பிடி குறைந்ததால் வீட்டில் யாரும் பசியோடு படுத்ததில்லை, பானையும் நிறைந்துவிடும். அதன் பிறகு வெட்டும் வேலை அம்மாவுடையது. பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள் வெளியே வைக்கும் பெட்டிகளைக்கூடக் கேட்டு வாங்கி வெட்டி, பழைய டிபன் டப்பா ஒன்றில் சேர்த்தார்.

ஒரு பைக்கு 5 டாலர். அந்த மார்ச்சில் எங்கள் மேசையில் 86 பை சேர்ந்தது, 430 டாலர். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதில் ஒரு வகுப்புக்கு உட்கார்ந்து படிக்கக் கம்பளமும், கொஞ்சம் புத்தகமும் வாங்கினார்கள். இந்த நாட்டில் ஆசிரியர்கள் கிரேயானும் டிஷ்யூவும் தங்கள் சொந்தக் காசில் வாங்குவது சாதாரணம். அதற்காகவே வருமான வரியில் கழிவு வைத்திருக்கிறார்கள், பல வருடம் 250 டாலராக இருந்தது, 2022-இல் 300 ஆனது. அரசாங்கமே அப்படி ஒரு வரியைப் படிவத்தில் போட்டிருக்கிறது என்றால் நிலைமை என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் 430 டாலர் சின்னக் காசு இல்லை.

உடனே யாராவது வந்து, "நாங்கள்தான் சொத்து வரி கட்டுகிறோமே, பள்ளிக்குத் தனியாக வேறு ஏன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, வீட்டு வரியில் பெரிய பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. மத்திய அரசு தருவது நாடு முழுக்கச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். வீட்டு விலை அதிகமான பகுதியில் வரி கொழிக்கும், குறைவான பகுதியில் கொழிக்காது. இதைச் சரிசெய்யத்தான் 1993-இல் பணக்காரப் பகுதியின் வரிப்பணத்தில் கொஞ்சம் எடுத்து மற்றப் பகுதிகளுக்குக் கொடுக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள், அதன் மேல் இன்றுவரை சண்டை ஓயவில்லை. சீரியல் பெட்டி இந்த ஓட்டையை அடைக்காது. பெட்டி நிறைய வாங்க வசதியுள்ள பகுதிப் பள்ளிக்குத்தான் பத்து சென்ட்டும் நிறையச் சேரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கம்பெனிக்கு இது விளம்பரம் என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன். அரசாங்கம் சரியாகும்வரை என் மகளின் வகுப்பில் கம்பளம் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எச்-4, அதாவது எச்-1பி விசாவில் வேலைக்கு வந்தவரின் துணைக்குத் தரும் விசா, அதில் வந்த மனைவிகள் வீட்டில் சும்மா இருந்து டி.வி. சீரியல் பார்க்கிறார்கள் என்று நம் ஆட்களே எழுதுவதைப் பார்க்கிறேன். 2015 மே மாதம்தான் எச்-4 உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது, அதுவும் கணவரின் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டம் தாண்டியிருந்தால்தான். எனக்கு அது வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. எம்.எஸ்சி. கணக்கு படித்தவள் ஐந்து வருடம் சம்பளம் என்று ஒரு டாலர் தொடவில்லை. சும்மா இருந்தது நாங்களாக எடுத்த முடிவில்லை. கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து "உனக்கென்ன, ராணி வாழ்க்கை" என்று சொன்னவர்களுக்கு அப்போது பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்த நூலக மேசைதான் அந்த ஐந்து வருடத்தில் நான் வேலை செய்த இடம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். டப்பா உணவு கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறாள் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள், அதனால் கவனமாகவே சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் சாதம், குழம்பு, தோசைதான். நீச்சல் வகுப்பு உள்ள செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு வீடு வந்தால் எட்டுக்குள் பிள்ளை படுக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்குத்தான் இது. அந்த மெக்சிகோக்காரப் பாட்டி சொல்லிக்கொடுத்தபடி டாக்கோ ஓடுகளை (மடித்த அப்பளம் போல மொறுமொறுவென்று இருக்கும் சோள ஓடு) ஓவனில் ஐந்து நிமிடம் சூடு காட்டி, முதல் நாள் மிஞ்சிய கொண்டைக்கடலை மசாலாவைத் தண்ணீர் வற்றச் சுண்ட வைத்து உள்ளே போட்டு, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. பதினைந்து நிமிடம்தான் ஆகும். பில்ஸ்பரியின் கிரசன்ட் ரோல் மாவை விரித்து உருளைக்கிழங்கு பட்டாணிப் பொரியலை உள்ளே வைத்துச் சுருட்டி, டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில் பொன்னிறமாக எடுத்தால் ஊர் பேக்கரி வெஜ் பப்ஸ் தோற்றுவிடும். தீபாவளிக்கு 'ரைஸ் செக்ஸ்' (Rice Chex) என்ற அரிசி சீரியலில் நிலக்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை தாளித்து மிக்சர் செய்வேன். எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம், அபார்ட்மெண்டில் புகை மணியும் அடிக்காது. டப்பாவில் உப்பு அதிகம்தான், அதனால் டாக்கோ பெட்டியோடு கூட வரும் மசாலாப் பொட்டலத்தைப் பிரிப்பதே இல்லை. சைவம் என்றால் லேபிளைப் படியுங்கள். மார்ஷ்மெல்லோ போட்ட சீரியலில் ஜெலட்டின் இருக்கும், சில ரீஃப்ரைட் பீன்ஸ் டப்பாவில் பன்றிக் கொழுப்பு இருக்கும். எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது.

ஆப்பில் பெரிய வேலை இல்லை. பள்ளிப் பெயரைத் தேடிச் சேருங்கள். கடையிலிருந்து வந்ததும் சாமான் அடுக்கும் நேரத்தில் ரசீதை மகனிடம் கொடுத்து அவனையே படம் எடுக்கச் சொல்லுங்கள், எண் படிக்கவும் பழகுவான். இந்தியக் கடை ரசீதில் ஒன்றும் ஏறாது, வருத்தப்படாதீர்கள். உங்கள் பக்கம் க்ரோகர் கடை இருந்தால் அதன் உறுப்பினர் அட்டையைப் பள்ளியோடு இணைத்துவிடலாம், அதில் எந்தப் பிராண்ட் என்ற கணக்குக் கிடையாது, காய்கறி வாங்கினாலும் சேரும். அமேசான் ஸ்மைல் என்று யாராவது சொன்னால் தேடாதீர்கள், அதை 2023 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

இப்போது எண்ணுவதற்கு மேசை இல்லை, ஆப்பே எண்ணிக்கொள்கிறது. அதனால் அந்தத் தாளில் யார் பெயர் போட்டிருக்கிறதோ அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். புத்தகக் கண்காட்சி, விளையாட்டு நாள், நூலகத்தில் புத்தகம் அடுக்குவது என்று ஏதாவது ஒன்றுக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். போகும்போது ஓட்டுநர் உரிமம் கொண்டுபோங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.