முன்கதையை முதலில் பார்க்கலாமா?

கேள்வி: ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் புதிய படம் 2026 நவம்பரில் திரைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். முந்தைய ஐந்து படங்களில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கதை நிகழும் கால வரிசைப்படி பார்ப்பதா, படங்கள் வெளிவந்த வரிசைப்படியா? நாவலையும் படித்துவிட வேண்டுமா?

பதில்: படங்கள் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’ என்னும் இப்படம் தொடர்ச்சி அன்று, முன்கதை. பனெம் என்ற கற்பனை நாட்டின் ஆட்சி, 12 மாவட்டங்களிலிருந்து குலுக்கல் முறையில் சிறுவர் சிறுமியரைப் பிடித்து, ஒருவர் மட்டும் எஞ்சும்வரை மோதவிட்டு, அதை ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் ஒளிபரப்புகிறது. 2012இல் வந்த முதல் படம் 74ஆம் போட்டியையும், 2023இல் வந்த முன்கதை 10ஆம் போட்டியையும் காட்டின. இனி வருவது 50ஆம் போட்டி.

முதல் படத்தில் நாயகி காட்னிஸுக்குப் பயிற்சி தரும் ஹேமிட்ச், எந்நேரமும் போதையில் தள்ளாடும் மனிதர். அவரைப் பார்த்துச் சிரித்தவருக்குத்தான், அவர் பதினாறு வயதில் அந்த 50ஆம் போட்டியில் எதைக் கடந்து வந்தார் என்னும் புதிய கதை உறைக்கும். 2023ஆம் ஆண்டுப் படத்துக்கும் இது பொருந்தும். இளைஞன் ஸ்னோ பின்னாளில் எத்தகைய அதிபராவான் என்று அறியாமல் பார்த்தால், அதன் கசப்பில் பாதி போய்விடும்.

நாவலைப் பொறுத்தவரை சற்றுச் சுற்றுவழியான யோசனை ஒன்று சொல்கிறேன். வழக்கத்தைப்போல் இரு மடங்காக 48 பேர் களமிறக்கப்பட்ட அந்த 50ஆம் போட்டியின் ஒளிப்பதிவைக் காட்னிஸ் பார்க்கும் பகுதி, சூசன் காலின்ஸ் 2009இல் எழுதிய இரண்டாம் நாவலில் உண்டு. 2013இல் வந்த படத்தில் அதை விட்டுவிட்டார்கள். அவள் பார்ப்பது ஆட்சியாளர்கள் வெட்டி ஒட்டிய பதிவு. உண்மையில் நடந்ததற்கும் திரையில் காட்டப்பட்டதற்கும் உள்ள இடைவெளிதான் புதிய படத்துக்கு மூலமான, 2025இல் வெளியான நாவலின் உயிர். ஆகவே அந்தப் புதிய நாவலை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டாம் நாவலின் அந்தச் சில பக்கங்களை மட்டும் படித்துச் செல்லுங்கள்; பனெம் குடிமக்கள் நம்பிய பொய்யோடு நீங்களும் அரங்கில் அமர்வீர்கள்.

ஐந்து படங்களுக்கும் ஏறத்தாழ 11 மணி 45 நிமிடம் தேவைப்படும். அவ்வளவு நேரம் இல்லையெனில் முதல் இரண்டு படங்களையும் 2023ஆம் ஆண்டு முன்கதையையும் பாருங்கள். ஒரே நாவலை இரண்டாகப் பிரித்து எடுத்த மூன்றாம், நான்காம் படங்கள் பின்னர் காத்திருக்கலாம். அவற்றுள் முதற்பாதி, என் பார்வையில், வீணாக இழுக்கப்பட்டதுதான்.