பச்சை எரிந்தும் நகராத வரிசை

கேள்வி: எங்கள் சாலைக்குப் பச்சை விளக்கு 25 நொடிதான். ஆளே இல்லாத குறுக்குச் சாலைக்கு 60 நொடி. தினமும் காலையில் இரண்டு, மூன்று சிவப்புக்கு நின்றுதான் சந்திப்பைத் தாண்டுகிறோம். எங்களுக்குக் கொஞ்சம் நேரத்தைக் கூட்டினால் என்ன?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. சிக்னலுக்கு நேரம் வகுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். காலிச் சாலைக்குப் பச்சை எரிவதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு பொறுக்காது.

பச்சை விழுந்ததும் முன்னால் நிற்கிற வண்டி கிளம்புவதற்கே சுமார் 2 நொடி போய்விடும். அப்புறம் ஒரு தடத்தில் ஏறக்குறைய 2 நொடிக்கு ஒரு கார் தாண்டும். ஆக, 25 நொடியில் 11 அல்லது 12 கார். ஒரு பச்சை தொடங்கி அடுத்த பச்சை விழும் வரை உள்ள நேரம் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 15 கார் வந்து சேர்கிறது என்று வையுங்கள். சுற்றுக்கு 3 கார் மிச்சம், பத்துச் சுற்றில் 30. ஒரு காருக்கு 6, 7 மீட்டர் இடம் வேண்டும். வரிசை 200 மீட்டருக்கு நீண்டுவிடும். இத்தனைக்கும் உங்களுக்குக் குறைவது வெறும் 6 நொடிப் பச்சை!

அந்த 6 நொடியைக் குறுக்குச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும். அதன் 60 நொடியை அப்படியே விட்டுவிட்டு மொத்தச் சுற்றையும் நீட்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். எல்லாத் திசைக்கும் தாராளமாகக் கொடுப்போம் என்று சுற்றை 180 நொடியாக்கினேன். சிவப்பு நீண்டது, வரிசையும் நீண்டது. மறுநாள் காலை அந்த வரிசையின் வால் முந்தைய சந்திப்பையே அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே பச்சை எரிந்தும் யாராலும் நகர முடியவில்லை. அன்று மதியமே பழைய நேரத்துக்கு மாற்றினேன்.

சுற்று எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு 1958-இலேயே பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். இரண்டு சாலைக்கு மாறி மாறிப் பச்சை விழும் சந்திப்பில் சுற்றுக்கு 10 நொடி வீணாகிறது, கொள்ளளவில் 70 சதவீதத்துக்கு வண்டி வருகிறது என்றால், அவர் கணக்கில் சுற்று சுமார் 67 நொடி இருந்தால் போதும். அதைவிட நீளமாக வைத்தால் எல்லோருக்கும் காத்திருப்புதான் கூடும்.

சரி, காலிச் சாலைக்கு ஏன் 60 நொடி? பல வருஷத்துக்கு முன் எடுத்த வண்டிக் கணக்கை யாரும் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் தாருக்கு அடியில் வண்டியை உணர்வதற்காகப் பதித்த கம்பிச் சுருள், குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது அறுந்திருக்கும். சுருள் பழுதானால், அங்கே எப்போதும் வண்டி நிற்பதாகவே எடுத்துக்கொண்டு முழுப் பச்சையையும் கொடுக்கும்படி பல சிக்னல்களை அமைத்திருப்பார்கள். இரவு இரண்டு மணிக்குக்கூட அந்தப் பக்கம் 60 நொடி எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் சுருளைச் சோதிக்கச் சொல்லலாம்.

ஒரு வேலை நாள் காலையில் அரை மணி நேரம் நின்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு பச்சைக்கும் எத்தனை வண்டி தாண்டியது, எத்தனை மிஞ்சியது, குறுக்குச் சாலையில் கடைசி வண்டி எத்தனையாவது நொடியில் போனது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ‘சிக்னல் சரியில்லை’ என்று மட்டும் எழுதி வந்த புகார்களை வைத்துக்கொண்டு நான் எங்கே தொடங்குவது என்று தவித்திருக்கிறேன். இப்படி எண்ணோடு ஒரு தாள் வந்தால் அன்றைக்கே சந்திப்புக்குக் கிளம்பிவிடுவேன்.

கேள்வி: நடப்பவர்களுக்கான நேரத்தைக் குறைத்தால் நெரிசல் குறையாதா?

பதில்: வேண்டாம். 18 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் கடக்க 15 நொடி ஆகும். வயதானவர் 0.9 மீட்டர்தான் நடப்பார் என்றால் 20 நொடி. யாருமே கடக்காத நேரத்தில் அந்த நொடிகள் வீணாகிறதே என்றால், நடப்பவர் அழுத்துகிற பொத்தான் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அழுத்தினால் முழு 20 நொடியும் கிடைக்க வேண்டும்.