மடியில் மூடியிருக்கும் வேதாகமம்

கேள்வி: புற்றுநோயில் கிடந்த என் தங்கைக்காக ஒன்றரை வருடம் ஜெபித்தோம். உபவாசம் இருந்தோம். சபையே முழங்காலில் நின்றது. எட்டு மாதத்துக்கு முன் போய்விட்டாள். 'உங்கள் விசுவாசம் போதவில்லை' என்றுகூட ஒருவர் சொன்னார். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. பார்வை மங்கிப்போன என் மாமியாருக்குத் தினமும் இரவில் சங்கீதம் வாசித்துக் காட்டுவேன், அதையும் நிறுத்திவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் வாசிப்பது மாய்மாலம்தானே? போனில் ஆடியோ வேதாகமம் போட்டுக் கொடுத்தேன், அவருக்கு ஒத்துவரவில்லை. என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில்லை, வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுத்துவிடுகிறார். தேவன் கூட இருக்கிறார் என்பதை நான் மறுபடி எப்படி உணர்வது?

பதில்: 'எல்லாம் நன்மைக்கே, சீக்கிரம் விடியும்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். விசுவாசம் போதவில்லை என்றவரைப் பற்றி ஒரு வரி போதும்: எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது உங்கள் மாமியாரின் மடி. கண் தெரியாத ஒரு மனுஷி எட்டு மாதமாக, இரவானால் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் படுத்துவிடுகிறார். இதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆடியோ வேதாகமத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக. தேவன் பேசாமல் இருக்கிறார் என்பது உங்கள் புகார். அந்த அம்மாவுக்கு அவர் உங்கள் வாய்வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வாயை மூடியது யார்?

மாய்மாலம் என்கிறீர்கள். பசியில்லாத நாளில் வீட்டாருக்குச் சமைத்துப் போடுகிறவள் மாய்மாலக்காரியா? உணராததை உணர்ந்ததாகக் கண்ணீர்விட்டுச் சாட்சி சொன்னால் அது மாய்மாலம். முதியவர் ஒருவருக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவது வேலை. வேலைக்கு மனசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடமையை உணர்ச்சியின் வாலில் கட்டிவிட்ட குடும்பங்கள் எப்படிக் கலைகின்றன என்று இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் ஓயாமல் பார்க்கிறேன்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. பெற்ற தாய்க்கு ஒரு சங்கீதம் வாசித்துக் காட்ட அவருக்கு நாக்கு இல்லையா? அவருக்குத் தனியாக எழுத வேண்டும். இருந்தாலும் அந்த அம்மாவின் காது பழகியது உங்கள் குரலுக்கு. போன் வாசிக்கும், ஆனால் கேட்கிறவர் இருமினால் நிறுத்தாது.

எலியா தீர்க்கதரிசியின் கதையை எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். நம் பிரசங்கிமார் அதைப் பெரும்பாலும் தேவன் பேசிய 'அமர்ந்த மெல்லிய சத்தம்' என்ற இடத்தில் உருக்கமாக முடித்துவிடுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பாருங்கள். போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டுச் சூரைச்செடியின்கீழ் படுத்தவனுக்கு முதலில் வந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டான், மறுபடி படுத்தான், தேவதூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். (நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.) ஓரேப் மலையில் அந்த மெல்லிய சத்தம் கேட்டபின் வந்த வார்த்தை என்ன? 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?' அவன் தன் குறையை முன்பு சொன்னபடியே திரும்பவும் சொன்னான். கிடைத்த பதில், வந்த வழியே திரும்பிப் போ என்பது. மூன்று பேரை அபிஷேகம்பண்ணும் வேலை காத்திருந்தது. தடவிக்கொடுத்து உட்காரவைக்கவில்லை.

அன்னை தெரேசா 1997-ல் மறைந்தார். அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வெளிவந்தபோதுதான், பல பத்தாண்டுகள் அவர் உள்ளுக்குள் வெறுமையோடும் இருளோடும் இருந்தது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவருக்கே அப்படியென்றால் நமக்கு என்ன என்று ஆறுதல்பட்டுக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்த இருளோடுதான் காலையில் எழுந்து வேலைக்குப் போனார். அதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்கு அந்த உணர்வு திரும்ப வருமா? நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். சிலருக்குச் சில மாதங்களில் வருகிறது, சிலருக்கு நெடுங்காலம் வருவதில்லை. ஆனால் உங்கள் மாமியாரிடம் நீங்கள் இதைக் கேட்டதே இல்லை என்று தோன்றுகிறது. அந்த வயதுக்குள் எத்தனை பேரை அடக்கம்பண்ணிவிட்டு வந்திருப்பார்! பார்வை போனபோது அவர் எப்படி ஜெபித்தார்? உங்கள் வீட்டிலேயே இருக்கிறவரை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இன்று இரவு போய் உட்காருங்கள். 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்கிற இருபத்துமூன்றாம் சங்கீதம் வேண்டாம், உங்கள் தொண்டையில் அது நிற்காது. எண்பத்தெட்டை எடுங்கள். இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறது அது. மற்றப் புலம்பல்கள் பலவற்றில் கடைசியில் ஒரு துதி வந்துவிடும், இதில் வராது. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படிப்பட்ட பாட்டை இராகத்தலைவனிடம் கொடுத்து, ஆலயப் பாடகரான கோராகின் புத்திரரை எல்லாரோடும் சேர்ந்து பாடவைத்திருக்கிறார்கள். அன்று இருளில் இல்லாதவனும் பாடியிருப்பான், இருக்கிறவனுக்குத் துணையாக.

குரல் உடைந்தால் உடையட்டும். நடுவில் நின்றுபோனால் மீதியை அவர் மனப்பாடமாகச் சொல்லக்கூடும். முடித்ததும் ஆமென் சொல்ல உங்களுக்கு வாய் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் சொல்லிக்கொள்வார்.