கோமாவின் சுக்குடு: முன்னாள் படைவீரர் பதில்கள்

கிழக்குக் காங்கோவின் கோமா நகரில் ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றிய முன்னாள் ஹவில்தார், அவ்வூர்ப் போக்குவரத்து குறித்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

ஐயா, அங்கே மரத்தில் செய்த சைக்கிள் ஓடுகிறதாமே?

அதற்குச் சுக்குடு என்று பெயர். ஓர் ஆளைவிட நீளமான மர வண்டி, பெரும்பாலும் யூகலிப்டஸ். முன்னொன்று பின்னொன்றாக இரண்டு மரச் சக்கரங்கள். பழைய டயரைப் பட்டையாகக் கீறிச் சக்கரத்தைச் சுற்றி ஆணி அடித்திருப்பார்கள். பெடல், செயின், இருக்கை எதுவும் கிடையாது. பலகைமேல் பதித்த ரப்பர் துண்டில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் தரையை உதைத்து ஓட்டுவார்கள்.

கிபும்பா பக்கத்து மலைச்சரிவிலிருந்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், அடுப்புக்கரி எல்லாம் இதில்தான் நகரத்துக்கு இறங்கும். பெரிய வண்டி 400 கிலோகூடத் தாங்கும். இறக்கத்தில் பாரமே வண்டியை இழுத்து வரும். விடியற்காலை ரோந்தில் வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே மரச் சக்கரத்தின் கடகடப்பு கேட்டுவிடும். கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும். பாரத்தோடு இறங்கும் சுக்குடுவின் குறுக்கே யாரும் போகக் கூடாது.

அண்ணா, ஐ.நா. பணியில் சம்பளம் எவ்வளவு?

உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள் தம்பி.

நீங்கள் அங்கே சைக்கிள் ஓட்டியதுண்டா?

முகாமுக்குள் மட்டும். வெளியே ஐ.நா.வின் வெள்ளை வண்டிகள்தான். காங்கோவில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். புனகனா எல்லை தாண்டி உகாண்டாவுக்குள் நுழைந்தால் நம் ஊர்போல இடப்பக்கம்.

நான் இயந்திரவியல் மாணவன். 1954இல் பிரெஞ்சுப் படையை எதிர்த்த தியன் பியன் பூ போரில் வியட்நாமியர் சாதாரண சைக்கிளிலேயே 200 கிலோவுக்கு மேல் கொண்டுபோனார்கள். கோமாக்காரர்களும் இரும்பு சைக்கிளுக்கு மாறலாமே?

நல்ல கேள்வி. ஆனால் வியட்நாமியர் அந்தச் சைக்கிள்களை ஓட்டவில்லை. கைப்பிடியில் கழியைக் கட்டி, நடந்தே தள்ளிப் போனார்கள். அத்தனை பாரத்தில் பெடலுக்கு வேலையில்லை. அந்தப் பெடலைச் சுக்குடுவில் வைக்கவே இல்லை.

அடுத்தது தரை. 2002 ஜனவரியில் நியிராகோங்கோ எரிமலைக் குழம்பு ஊருக்குள்ளேயே ஓடிற்று. அது இறுகிய கரும்பாறைமேல் மறுபடி வீடும் தெருவும் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பாறைமுனை காற்றடைத்த டியூபைக் கிழித்துவிடும். ஆணியடித்த ரப்பர் பட்டைக்கு அந்தக் கவலை இல்லை. சக்கரம் பிளந்தால் பக்கத்துத் தச்சரே வேறு செதுக்கிவிடுவார்.

பேரிங்காவது வைக்கலாமே?

வசதியுள்ளவர்கள் பழைய பேரிங் பொருத்தியிருக்கிறார்கள். சேர்க்கத் தக்கதை அவர்களே சேர்க்கிறார்கள். நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வறுமையின் அடையாளத்தைப் போய்ப் புகழ்கிறீர்களே!

இதை நான் ஏற்க மாட்டேன். கோமாவின் ரவுண்டானாவில் பொன்னிறத்தில் சுக்குடு ஓட்டுநர் சிலை நிற்கிறது, 2009இல் வைத்தார்கள். வறுமையின் அடையாளத்துக்கு யார் சிலை எடுப்பார்கள்? சந்தைக்குக் காய் வருவதும் அடுப்பு எரிவதும் அந்த உழைப்பால்தான். பாரம் இறக்கிய பிறகு அதே மலையில் வண்டியைத் தள்ளி ஏறுகிறவனைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். அவர்களுக்கு நல்ல சாலை வேண்டும் என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

ஐ.நா. படையில் மாதம் எவ்வளவு கிடைக்கும்?

மேலே சொன்ன பதிலையே படியுங்கள்.

சுற்றுலாவாகப் போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். 2025 ஜனவரியில் கோமா எம்23 கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. என்றைக்காவது அமைதி திரும்பி, நீங்கள் அங்கே போனால், மறுபடியும் சொல்கிறேன், இறக்கத்தில் வரும் சுக்குடுவுக்கு வழிவிடுங்கள்.

பிரேக் உண்டா, இல்லையா?

பல வண்டிகளில் உண்டு. பின்சக்கரத்தின்மேல் படும்படி ஒரு ரப்பர் துண்டு இருக்கும். அதைக் காலால் அழுத்துவார்கள். சக்கரத்தோடு உரசி வேகம் குறையும், ஆனால் உடனே நிற்காது. அதனால்தான் அத்தனை தடவை ஒதுங்கச் சொன்னேன்.