ஊமல் கரியைச் சீமெந்தில் கலக்கலாமா?

கேள்வி: சாவகச்சேரியில் வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டுகிறேன். ஐந்து பை சீமெந்து போகும் இடத்தில் நான்கு பையும் ஒரு பை ஊமல் (பனங்கொட்டை ஓடு) கரித்தூளும் போட்டால் செலவு குறையும், சூழலுக்கும் நல்லது என்கிறார் ஒப்பந்தகாரர். தூண், பிளாட் (கொங்கிறீட் கூரைத் தட்டு) எல்லாவற்றுக்கும் போடலாமா?

பதில்: தூண், பீம், பிளாட் மூன்றிலும் வேண்டாம். இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

கரி சேர்ப்பது பொய்யான சங்கதி அல்ல. காற்றுப் படாமல் சுட்ட தாவரக் கரியை மாவாக அரைத்து, சீமெந்தின் எடையில் 1 அல்லது 2 வீதம் சேர்த்தால் பலம் பெரும்பாலும் குறைவதில்லை. கரி குடித்து வைத்த தண்ணீரைப் பின்னர் மெல்ல விடுவதால் கலவை உள்ளிருந்தே நனைந்து இறுகும். 5 வீதத்தைத் தாண்டினால் பொதுவாகப் பலம் இறங்கும். உங்களுக்குச் சொன்னதோ 20 வீதம்.

அந்த 20 உமிச் சாம்பலின் கணக்கு. முறையாக எரித்த உமிச் சாம்பலில் உள்ள சிலிக்கா, சீமெந்தில் உண்டாகும் சுண்ணாம்போடு கூடித் தானும் இறுகும். கரி அப்படி இறுகாது. சாம்பலுக்கான தாளைக் காட்டிக் கரியை விற்கும் தரகர்களிடம் அவதானமாக இருங்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றதிலிருந்து சீமெந்து குடாநாட்டுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. விலை ஏறும்போதெல்லாம் இவர்களுக்குக் கொண்டாட்டம். கரிப் பையில் பச்சை இலைப் படம் இருக்கும். எதைச் சுட்டார்கள், எவ்வளவு சூட்டில், உப்பு எவ்வளவு என்று ஒரு வரி இராது. அரைகுறையாகச் சுட்ட கரி சீமெந்து இறுகுவதைப் பிந்தவைக்கும். கடலோரத்தில் குவித்துக் கிடந்த ஊமலில் உப்பு ஏறியிருந்தால் கம்பி துருப்பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியில் நன்றாக எரிகிறது என்பது கொங்கிறீட்டுக்குச் சான்றிதழ் அல்ல.

வரைபடத்துக்கு அனுமதி தருபவர்கள் எல்லைத் தூரத்தை நாடா பிடித்து அளக்கிறார்கள். கலவைக்குள் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்க்க ஓராள் வருவதில்லை.

ஆசை விடவில்லையென்றால் ஒரேயோர் இடம் இருக்கிறது: மதில் பூச்சு. மதில் என்றேன், மதிலின் தூண் அல்ல. மண்ணைத் தாங்கி நிற்கும் மதிலும் அல்ல. 50 கிலோ சீமெந்துப் பைக்கு 1 கிலோ கரி, அதற்கு மேல் இல்லை. வாளிக் கணக்கில் அல்லாமல் தராசில் நிறுக்கவேண்டும். மா அரிதட்டில் அரித்து முதல்நாள் இரவே ஊறவிடுங்கள். காய்ந்த தூள் கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். மேசன் இன்னொரு வாளி ஊற்றுவார். பலம் அங்கேதான் போகும். ஊறிய தண்ணீரையும் மொத்தக் கணக்கில் சேருங்கள். முதலில் மதிலின் பின்புறத்தில் ஒரு துண்டு பூசிப் பாருங்கள், நிறம் கறுக்கும்.

சூழலுக்கு என்ன இலாபம்? ஒரு பை சீமெந்து உண்டாகும்போது ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு கிலோ சீமெந்தைக் குறைத்து நல்ல கரியைப் போட்டால், கரிக்குள் பூட்டப்பட்டதையும் சேர்த்து, மிச்சம் சுமார் மூன்று கிலோ. இதற்காகப் பனையை வெட்டினால் அதுவும் நட்டம். வெட்ட அனுமதியும் வேண்டும்.

ஒப்பந்தகாரர் இன்னும் நின்று வாதாடினால் 150 மில்லிமீற்றர் கனக்கட்டிகளைக் கரியோடும் கரியில்லாமலும் வார்த்து, 28ஆம் நாள் ஆய்வுகூடத்தில் நொருக்கிப் பார்த்த அறிக்கையைக் கேளுங்கள். எந்தக் கரி, எத்தனை வீதம் என்று அதில் இருக்கவேண்டும். வேறு யாருடைய வீட்டு அறிக்கையின் நகலையோ நீட்டினால் கையில் வாங்கவேண்டாம்.