ராஜினாமா வாங்கி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கேள்வி: நான் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் தாளாளர். எங்கள் கணித ஆசிரியர் ஒன்பது ஆண்டுகளாக நிரந்தரப் பணியில் இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனைக் கன்னத்தில் அறைந்ததற்காக அவரை வாய்மொழியாக எச்சரித்தோம். சென்ற வாரம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாயார், இந்த ஆசிரியர் இரவு 11 மணிக்கு மேல் தொடர்ந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டினார். மாணவியின் உடலை வர்ணிக்கும் வரிகளும் அவற்றில் உள்ளன. கேட்டதற்கு, "யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தார். ராஜினாமாவையும் வாங்கிக்கொண்டு, அனுபவச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறது நிர்வாகக் குழு. தாயாரும் பெயர் வெளியே வரக் கூடாது என்கிறார். அல்லது உடனடியாகப் பணிநீக்கம் செய்ய இடம் உண்டா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவரைப் பணியில் வைப்பதா நீக்குவதா என்ற கேள்விக்கு முன்னால் நீங்கள் செய்தாக வேண்டிய வேறொன்று இருக்கிறது. அதில் ஏற்கெனவே ஒரு வாரம் கழிந்துவிட்டது.

பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும் குற்றம். 12ஆம் பிரிவின்படி அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பதினெட்டு வயது நிறையாத எவரும் இச்சட்டத்தின் பார்வையில் குழந்தையே. இப்படியொரு குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்காமல் விடுபவர் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளராகவும், குற்றம் சாட்டப்பட்டவர் அவருக்குக் கீழ்ப் பணிபுரிபவராகவும் இருந்தால், 21ஆம் பிரிவின்படி அந்தப் பொறுப்பாளருக்கே ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். அந்த இடத்தில் இப்போது இருப்பவர் நீங்கள். ஆசிரியரின் ராஜினாமா இந்தக் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது.

தாயாரின் அச்சம் புரிகிறது. ஆனால் புகார் செய்வதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பத்துக்கோ உங்களுடைய விருப்பத்துக்கோ விடப்பட்டதல்ல. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு இதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் தடை இருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் தகவல் தருபவருக்கும் 19ஆம் பிரிவிலேயே பாதுகாப்பு உண்டு. சமரசம் பேசி முடிப்பதைப் பொறுத்தவரை, ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மீதான போக்சோ வழக்கைக் குடும்பத்தாரின் சமரசத்தை ஏற்று உயர் நீதிமன்றம் ரத்து செய்ததையும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி வழக்கை மீண்டும் உயிர்ப்பித்ததையும் உங்கள் குழுவின் பார்வைக்கு வையுங்கள். அந்தக் கைப்பேசியிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லுங்கள்; செய்திகளின் படத்தை ஆசிரியர் அறையில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதையும் இன்றே நிறுத்துங்கள்.

இனி, பணிநீக்கம். நிரந்தர ஆசிரியரை ஒரே கடிதத்தில் நீக்க முடியாது. பெண் மாணவியிடம் ஒழுக்கக்கேடாக நடந்த ஆசிரியரை முறையான விசாரணையின்றி நீக்கியதை, மத்திய அரசின் உறைவிடப் பள்ளி அமைப்பான நவோதயா வித்யாலயாவின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான்; சில நிர்வாகங்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்பட்டுவிடுகின்றன. ஆனால் அந்த அமைப்பின் விதிகளில், சுருக்க விசாரணையில் மனநிறைவு கொண்டால் இயக்குநரே நீக்கலாம் என்ற தனி அதிகாரம் இருந்தது. உங்கள் பணி விதிகளில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் அதை இரவல் வாங்க முடியாது.

ஆகவே குற்றச்சாட்டுகளை எழுத்தில் தரும் குறிப்பாணையிலிருந்து தொடங்குங்கள். "ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன வாசகம் அனுப்பினார் என்பதை ஒவ்வொன்றாக எழுதி, மாணவியின் பெயரைத் தனி உறையில் வையுங்கள். அவர் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை நம்பி விசாரணையைச் சுருக்க வேண்டாம். "புண்படுத்தியிருந்தால்" என்ற சொல் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணை அலுவலர், புகாரை முதலில் கேட்ட தலைமையாசிரியராகவோ நீங்களாகவோ இருக்கக் கூடாது. மாணவியை ஆசிரியரின் முன்னால் உட்காரவைக்கத் தேவையில்லை. ஆசிரியரின் கேள்விகளை எழுத்தில் வாங்கி விசாரணை அலுவலர் வழியே கேட்கலாம். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து அவருடைய பதிலைக் கேட்ட பிறகே தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்பது 1993 முதல் நிலைத்துவிட்ட சட்டம். நான் பார்த்த வரையில், பள்ளிகள் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு நகலைக் கொடுக்காததால்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாணவனை அறைந்த சம்பவத்தைத் தண்டனைக்கு ஆதாரமாக்க நினைத்தால் அதையும் குறிப்பாணையில் சேர்த்து, பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். உடல் ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இலேயே தடை செய்துவிட்டது. அன்றைக்கு ஒரு மெமோ எழுதியிருந்தால் இன்று கைகொடுத்திருக்கும். வாய்மொழி எச்சரிக்கைக்குக் கோப்பில் இடமில்லை.

விசாரணை முடியும்வரை அவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வையுங்கள். வகுப்பறைக்குள் அவர் இருக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கான பகுதிச் சம்பளமான பிழைப்பூதியத்தை மாதந்தோறும் தவறாமல் கொடுங்கள், இல்லையெனில் விசாரணையே அடிபட்டுப் போகும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் இந்நிலையை நீட்டக் கூடாது என்று 2015இல் ஓர் அரசு ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் பள்ளிக்குப் பொருந்தும் சட்டத்தில் அதைவிடக் குறுகிய கெடு இருக்கலாம். பள்ளி உதவி பெறுவதா சுயநிதியா என்று கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. கல்வித் துறையின் முன்அனுமதி தேவைப்படும் பள்ளியாக இருந்தால், அனுமதி வருமுன் பிறப்பிக்கும் பணிநீக்க உத்தரவு நிற்காது. பின்னர் மீண்டும் பணியில் சேர்ப்பதோடு நிலுவைச் சம்பளத்தையும் கொடுக்க நேரலாம்.

காவல் துறை வழக்கின் முடிவுக்காக விசாரணையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; இங்கே நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும்.

ராஜினாமாக் கடிதம் வந்தால் ஏற்க வேண்டாம். விசாரணை நிலுவையில் இருப்பதாக எழுத்தில் பதில் கொடுங்கள். "நன்னடத்தை உடையவர்" என்ற சான்றிதழோடு அவர் அடுத்த பள்ளிக்குப் போனால், அங்கே நடப்பதற்கு உங்கள் கையெழுத்தும் ஒரு காரணமாகிவிடும். கடைசியாக ஒன்று: 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், நிரந்தரமோ ஒப்பந்தமோ, கற்பித்தலோ மற்றதோ, எல்லாப் பணியாளர்களையும் அவ்வப்போது காவல் துறை வழியாகச் சரிபார்க்கும்படி பள்ளிகளைக் கேட்கின்றன. இவர் பணியில் சேர்ந்தபோது முந்தைய பள்ளியிலிருந்து சான்றிதழ் ஏதேனும் கொண்டுவந்திருந்தால் அதைக் கோப்பிலிருந்து எடுத்து, அதில் கையெழுத்திட்டவரிடம் இப்போதாவது பேசிப் பாருங்கள்.